தாத்தாவின் நின்று போன காரை எழுப்புவதற்கு முன்

மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் நிறைய கார்கள் படுத்துக் கிடக்கின்றன. அம்பாசடர்தான் அதிகம். அடுத்து பிரீமியர் பத்மினி. எங்கேயாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு மோரிஸ் மைனர். தாத்தா காலமான பிறகு நெல் மூட்டைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திச் சில வருடம் கிடக்கும். அப்புறம் பேரனுக்கோ பேத்திக்கோ ஆசை வரும். பழைய வண்டிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்காக அந்த ஆசையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் பட்டறைக்கு வருவதற்கு முன்பே, வீட்டு வாசலில் முதல் வாரம் நடக்கும் அவசர வேலைகளில்தான் பெரும்பாலான வண்டிகள் கெடுகின்றன. உயிருக்கு ஆபத்து வருவதும் அப்போதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கமாக வரும் போன் இப்படி இருக்கும். "அண்ணே, புது பேட்டரி மாட்டியாச்சு, பெட்ரோல் ஊத்தியாச்சு. செல்ஃப் அடிச்சா 'டக்'குனு ஒரு சத்தம் மட்டும் வருது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?" தள்ள வேண்டாம் தம்பி, முதலில் பேட்டரியைக் கழற்றி வை என்பேன்.

வருடக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவேறி ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் கியரில் போட்டுத் தள்ளினால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பலம் காட்டாமல் இன்னும் ஊற விட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜினில் உள்ள பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரம் (சவ்வு) கிழிந்து, பெட்ரோல் ஆயிலோடு கலந்திருக்கலாம். அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டவே கூடாது. மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். இன்றைய கார் போல நினைத்து மாற்றிக் கொடுத்தால் ஒயரிங் வெந்துவிடும்.

நான் அதிகம் பயப்படுவது பெட்ரோல் குழாய்க்குத்தான். நின்ற வண்டியின் ரப்பர் குழாயை இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும், வளைத்ததும் தோலில் வெடிப்பு வெடிப்பாகத் திறக்கும். சில குழாய்கள் விரலிலேயே உதிரும். அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சருக்குப் போகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டரில் சொட்டும் பெட்ரோல் நேராகச் சூடான இரும்பில் விழும். பழைய ஒயரின் உறை உரிந்திருந்தாலும் எலி கடித்திருந்தாலும் தீப்பொறிக்கும் குறைவிருக்காது. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும், டேங்க்கில் படிந்த கசடைக் கிளப்பிவிடும். ஆகவே டேங்க்கை இறக்கிக் கழுவி, எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றிய பிறகே புதுப் பெட்ரோல். இன்ஜின் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டையும் (புகை போகும் வால்வு உட்காரும் வளையம்) கடினமானதாகப் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த சீட் அது. அந்தப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நாடு முழுக்க நின்றுவிட்டது.

இன்ஜின் ஓடிவிட்டால் உடனே ஒரு ரவுண்டு போகத் தோன்றும். தயவுசெய்து போகாதீர்கள். வீல் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தெளிவாக இருக்க வேண்டிய பிரேக் ஆயில் கருப்பட்டிப் பாகு போலக் கெட்டியாகி, பிஸ்டன் துருவில் இறுகியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வண்டி ஓடினாலும் நின்றாலும். அந்தக் காலத்து அம்பாசடரிலும் மோரிஸ் மைனரிலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் போனால் பெடல் தரையைத் தொடும், நாலும் பிடிக்காது. முற்றத்தில் இரண்டு முறை மிதித்துப் பார்த்து "பிரேக் இருக்குண்ணே" என்கிறார்கள். முற்றத்தில் பிடிக்கும். பைபாஸில் லாரிக்குப் பின்னால் அழுத்தி மிதிக்கும்போதுதான் பழைய ரப்பர் விட்டுக்கொடுக்கும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ் எல்லாமே புதிதாக வேண்டும். காசு பற்றாது என்றால் பெயிண்டைத் தள்ளிப் போடுங்கள், இதைத் தள்ளாதீர்கள்.

டிரம்மைத் திறக்கும் பையன்களுக்காகவும் சொல்ல வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாகத்தான் இருக்கும். மதுரை வெயிலில் ரப்பர் செத்திருக்கும். மாற்றிவிடுங்கள்.

இனி காகிதம். இதை நான் ஏன் பேசுகிறேன் என்றால், வண்டி முடிந்து நிற்கும்போது பெரியப்பா மகன் வந்து "தாத்தா வண்டியில் எனக்கும் பங்கு இருக்கு" என்று பட்டறை வாசலிலேயே சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் இறந்தால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான குடும்பங்களில் இது நடப்பதே இல்லை. காலம் கடந்திருந்தாலும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வ சம்மதம், ஆர்.சி. புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அத்தைமாரிடம் கையெழுத்து வாங்குவது வண்டிக்குச் செலவு செய்யும் முன்பு நடக்க வேண்டும். செலவழித்த பிறகு வண்டியின் மதிப்பு ஏறிவிடும், பேச்சும் மாறிவிடும்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் தேடி ஒப்பிடுங்கள். ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசடருக்கு டீசல் இன்ஜின் வைப்பது சாதாரணம். ஆர்.சி.யில் பதியாமல் மாற்றியிருந்தால் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது சிக்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். அது முடிந்த வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

50 வயது தாண்டிய கார் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ்' பதிவைக் கொண்டுவந்தார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் குடும்பத்தோடு போக ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவையே நீட்டித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. விண்டேஜ் பதிவுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும்.

அதனால்தான் கழற்றும் எதையும் எடைக்குப் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். உடைந்த கைப்பிடியும் மங்கிய மீட்டரும்கூட மாதிரிக்கு வேண்டும். அம்பாசடர் 2014 வரை வந்ததால் சாமான் ஓரளவு கிடைக்கிறது. ஹெரால்டுக்கு அப்படி இல்லை. ஃப்ளோரிலும் கதவு அடியிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் போய்ப் பட்டிதான் (மேலே பூசி நிரப்பும் பசை) நிற்கிறது. துருவை வெட்டி எடுத்துத் தகரம் வைத்து வெல்டு செய்யும் டிங்கரைத் தேடுங்கள். துரு மேலேயே பட்டி பூசுகிறவரிடம் கொடுத்தால் அடுத்த ஐப்பசி மழைக்கே கொப்புளம் கிளம்பும்.

எல்லாம் முடிந்து, பதிவும் இன்சூரன்ஸும் கையில் வந்த பிறகு, முதல் ஓட்டத்தைக் கொடைக்கானலுக்கு வைக்காதீர்கள். இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிரேக் மங்கும். அழகர்கோவில் சாலையில் விடிகாலையில் கொஞ்ச தூரம் போய், நிழலில் நிறுத்தி, நாலு சக்கரத்து அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெதுவாகத் திரும்பி வந்து, அதைச் சரிசெய்த பிறகு அடுத்த ஓட்டத்துக்குப் போங்கள்.