கட்டைவிரல் மரத்துப்போனால் பந்தைக் கொண்டு வாருங்கள்

"என் ஃபிரெண்டோட பந்து என் கைக்குச் சரியா இருக்குண்ணே, அதே அளவுல போட்டுடுங்க." பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டான டென்பின் பௌலிங்கில், பந்துக்கு விரல் நுழையும் துளை போடும் தொழிலில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நிறத்தைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் செலவழித்தவர்தான் இப்படிக் கேட்பார்.

பந்து 16 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது 7.26 கிலோ. கனமாக இருக்கிறது என்று எடையைக் குறைக்க வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது துளைகளைத்தான். துளை தளர்வாக இருந்தால் பந்து நழுவிவிடுமோ என்று கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். முன்கை விறைக்கும், வீச்சு கோணலாகும். பந்தை விடும்போது கட்டைவிரல் முதலில் வெளியே வர வேண்டும், துளையில் உள்ள நடுவிரலும் மோதிரவிரலும் பிறகு. இறுக்கிப் பிடிக்கிற கையில் இது நடக்காது. பயிற்சியாளர் எவ்வளவு திருத்தினாலும் சரி.

கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து விரல் துளையின் விளிம்பு வரை உள்ள தூரத்தை ஸ்பான் என்போம். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டாம் கணு வரை விரல் நுழையும் பிடிக்கு ஓர் அளவு, முதல் கணுவோடு நிற்கும் ஃபிங்கர்டிப் பிடிக்கு வேறு அளவு. ஸ்பான் நீண்டுவிட்டால் உள்ளங்கை இழுபட்டு, கட்டைவிரல் அடியில் தோல் உரியும். குறைந்துவிட்டால் விரல்கள் மடங்கிப் பந்தை இறுக்கும். அப்புறம் பிட்ச், அதாவது துளையின் சாய்வு. உள்நோக்கிச் சாய்ந்தால் பிடிமானம் கூடும், வெளிநோக்கிச் சாய்ந்தால் விரல் சீக்கிரம் விடுபடும். உங்கள் விரல் எவ்வளவு வளைகிறது என்று நான் வளைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். நண்பரின் பந்தில் இருப்பது அவருடைய விரலின் சாய்வு.

"விளையாட விளையாடப் பழகிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லேசான காய்ப்பு வேறு விஷயம். ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில் கட்டைவிரல் மரத்துப்போனாலோ, சுரீரென்று இழுத்தாலோ, துளையின் விளிம்பு அங்குள்ள நரம்பை அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மருத்துவர்களே இதை 'பௌலர்ஸ் தம்ப்' என்கிறார்கள். விளையாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், பந்தை எங்களிடம் காட்டுங்கள். விளிம்பைச் சற்று மழுங்கச் செதுக்கினால் பல நேரம் அழுத்தம் குறைந்துவிடும்.

பழைய பந்து மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாம். துளைகளை அடைத்து, உறைந்த பிறகு புதிதாகப் போடலாம். ஆனால் எடையைச் சமன்செய்ய மட்டும் போட்ட கூடுதல் துளை இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க பௌலிங் சங்கமான யுஎஸ்பிசி அதை அனுமதிப்பதில்லை. அந்த விதியில் நடக்கும் போட்டி என்றால் அதையும் அடைத்தாக வேண்டும். இன்னொன்று, வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பந்தை விட்டுவைக்காதீர்கள், துளையைச் சுற்றி விரிசல் விடலாம்.

கை ஒரே அளவில் இருப்பதில்லை. ஆடும்போது வீங்கும், ஏசி குளிரில் சுருங்கும். அதனால் கட்டைவிரல் துளையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, டேப் ஒட்டிச் சரிக்கட்டுவோம். அளவு கொடுக்க வரும் நாளில் ஒன்றிரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வாருங்கள். விரலில் பிளாஸ்டர் இருந்தால் எடுத்துவிட்டு வாருங்கள். நகத்தையும் வெட்டிவிட்டு.