சரஸ்வதி ஆறும் மணலின் வயதும்

குருக்கள் கும்பம் வைக்கும்போது ஏழு ஆறுகளைப் பேர் சொல்லி அந்தத் தண்ணீருக்குள் அழைப்பார்: கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி. மட்டக்களப்பில் கோயிலோடு வளர்ந்த யாருக்கும் இது பழக்கமான சுலோகம். சரஸ்வதி நீங்கலாக மற்றவை எல்லாம் தேசப்படத்தில் இருக்கின்றன. சரஸ்வதி எங்கே போனது?

இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலம், மலையிலிருந்து கடல்வரை ஓடும் பேராறாக அதைப் பாடுகிறது. பத்தாம் மண்டலத்தின் நதித் துதியில் அதன் இடம் யமுனைக்கும் சட்லெஜுக்கும் நடுவே. பின்னால் வந்த நூல்களோ அது விநசனம் என்ற இடத்தில் மணலுக்குள் மறைந்ததாகச் சொல்கின்றன. அந்த இரு ஆறுகளுக்கும் இடையில் இன்று இருப்பது காகர் என்ற மழைக்கால ஆறு. பாகிஸ்தானுக்குள் ஹக்ரா என்று பேர் மாறி, பாலைவனத்தில் வற்றிப்போகிறது. ஆனால் அதன் பள்ளத்தாக்கு, இப்போது அதில் ஓடும் தண்ணீருக்குச் சற்றும் பொருந்தாத அகலம். செய்மதிப் படங்களில் அது தெளிவாகவே தெரிகிறது. முன்பு அங்கே பெரியதொரு ஆறு ஓடி, பிறகு வேறு பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

ஆறு எப்படித் திரும்பும்? மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டும்போது பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மாரி மழையில் வாவி நிரம்பி வயல்கள் மூழ்கும்போது, மணல்திட்டில் பெக்கோ இயந்திரம் தோண்டுவது சிறிய வாய்க்கால்தான். மிச்ச வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். கடலுக்குக் குறுக்குவழி கிடைத்ததும் வேகம் கூடி, கரை இடிந்து இடிந்து வாய் அகலமாகும். இமயமலை ஆறுகளிலும் நடப்பது இதே விதிதான். அவை கொண்டுவரும் வண்டல் ஆண்டுக்காண்டு படிந்து ஆற்றின் படுகையே சுற்றுநிலத்தைவிட உயர்ந்துவிடும். அப்புறம் ஒரு வெள்ளம் போதும். தண்ணீர் கரையை உடைத்துச் சரிவு கூடிய பக்கம் பாயும். 2008 ஓகஸ்ட் 18 அன்று கோசி ஆறு நேபாளத்தின் குஸஹாவில் அப்படித்தான் உடைத்துக்கொண்டு, கிழக்கே 100 கிலோமீற்றருக்கும் அப்பால் கைவிட்டிருந்த பழைய தடங்களில் பாய்ந்தது. பீகாரில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள்.

சரி, காகர் பள்ளத்தாக்கில் ஓடிய பேராறு எது, எப்போது போனது? இதற்குப் பதில் மணலில் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கடற்கரையில் ஒரு பிடி மண்ணை அள்ளினால் கண்ணாடித் துணுக்குப் போல மின்னும் மணிகள் பல குவார்ட்ஸ் என்ற கனிமம். வெயில் பட்டுக்கொண்டிருக்கும்போது அவற்றின் கடிகாரம் பூச்சியத்தில் நிற்கும். மண்ணுக்குள் புதைந்ததும் ஓடத் தொடங்கும். சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் மெல்லிய கதிர்வீச்சு, மணியின் இலத்திரன்களைத் தள்ளிப் படிகத்தின் குறைபாடுகளுக்குள் சிக்கவைக்கும். நாள் ஆக ஆகச் சிக்கியவை கூடும். ஆய்வாளர்கள் வெளிச்சம் படாமல் குழாய்க்குள் மண்ணை எடுத்து, மங்கலான சிவப்பு விளக்கில் மணிகளைப் பிரித்து, அவற்றின்மேல் நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சிக்கிய இலத்திரன்கள் விடுபட, மணி மெல்ல ஒளிரும். அந்த ஒளியைக் கொண்டு மணி வாங்கிய மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கிட்டு, ஓராண்டில் வாங்கும் அளவால் வகுத்தால், கடைசியாக வெயில் கண்டு எத்தனை ஆண்டு என்பது வந்துவிடும்.

வயது சரி, பிறந்த இடம்? அதைச் சொல்வது சிர்க்கோன் என்ற இன்னொரு மணி. உள்ளே உள்ள யுரேனியம் மிக மெதுவாக ஈயமாக மாறுவதால், அது எந்தக் காலத்துப் பாறையில் உருவானது என்று அறியலாம். மலைக்கு மலை இந்த வயதுகளின் கலவை வேறுபடும்.

கான்பூர் ஐ.ஐ.டி., லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, சிந்துவெளி நகரமான காளிபங்கனுக்கு அருகே துளையிட்டு இந்த இரண்டையும் செய்தது. அங்கே புதைந்திருந்த சாம்பல் நிற மணல் சட்லெஜுடையது. சட்லெஜ் ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன் விலகத் தொடங்கி, 8,000 ஆண்டுகளுக்கு முன் முழுவதாகத் திரும்பிவிட்டது. காளிபங்கன் போன்ற நகரங்கள் செழித்ததோ 4,600 ஆண்டுகளுக்கு முன்பிருந்துதான். அப்படியானால் அந்த நகர மக்கள் குடியேறியது பேராற்றின் கரையில் அல்ல, அது விட்டுப்போன பள்ளத்தில். ஊரை அடித்துப்போகும் இமயவெள்ளம் இல்லை. மழைத் தண்ணீரும் வண்டல் நிலமும் இருந்தன.



எல்லோரும் இதை ஏற்கவில்லை. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுகூடத்தினர் பங்கேற்ற 2019 ஆய்வு, 9,000 முதல் 4,500 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடியதாகவும், சட்லெஜின் கிளைகள் அதற்கு ஊட்டியதாகவும் கூறுகிறது. காகரின் எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் மண் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறலாம். அதனால் ஓரிரு துளைகளை வைத்து வேத காலத்தையே நிர்ணயிக்க முயல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் பல இடங்களில் துளையிட வேண்டியிருக்கிறது.