காலி இடம் இருக்கிறது, ஆனாலும் இடமில்லை

கிள்ளைப் பக்கம் ஒரு இறால் பண்ணை. விடிகாலை 4 மணிக்குக் குளத்தில் ஆக்சிஜன் இறங்கியும் உரிமையாளரின் போனுக்கு எச்சரிக்கை வரவில்லை. இறால் மேலே வருவதைக் காவல்காரப் பெரியவர் பார்த்து ஏரேட்டரைப் போட்டதால் தப்பியது. குளத்து ஆக்சிஜனை அளந்து போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் பெட்டிகளில், இந்த மாதம் என் மேசைக்கு வந்த நான்காவது பெட்டி இது. நான்கிலும் ஒரே தவறு.

நிரல் எழுதிய தம்பியிடம் கேட்டேன். "மெமரி 14,000 பைட் காலியாத்தான் காட்டுதுண்ணே" என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எவ்வளவு காலி என்பதல்ல, ஒரே துண்டாக எவ்வளவு காலி என்பதுதான் கேள்வி. கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் படகுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டியிருந்தால், இடைவெளிகளைக் கூட்டினால் இரண்டு விசைப்படகுக்கு இடம் தேறும். ஆனால் ஒன்றுகூட உள்ளே அணைய முடியாது. சரி, படகுகளைத் தள்ளிக் கட்டலாமே? இந்தப் பெட்டிகளின் நிரல் மொழியான சி++-இல் அது நடக்காது. மெமரியில் இருக்கும் ஒவ்வொரு துண்டின் முகவரியையும் நிரலின் வேறொரு பகுதி பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பெட்டியில் இருந்தது இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு. முப்பது நொடிக்கு ஒருமுறை பிளஸ் (+) மேல் பிளஸ் போட்டு, ஸ்ட்ரிங் எனும் எழுத்துத் தொடர்களை ஒட்டிச் செய்தி செய்திருந்தார் தம்பி. ஒட்டும்போதெல்லாம் மெமரியில் புதுத் துண்டு எடுத்து, பிறகு விடுவதால் காலி இடம் சிதறும். பதினோரு நாளில் மிகப்பெரிய காலித் துண்டு 800 பைட்டுக்கு வந்துவிட்டது. செய்திக்குத் தேவை 1,100. இடம் கிடைக்காவிட்டால் ஸ்ட்ரிங் கத்தாது, ஒட்டாமல் விட்டுவிடும். அரைகுறைச் செய்தியை சர்வர் தள்ளிவிட்டது.

தமிழில் செய்தி அனுப்புபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'ஆக்சிஜன் குறைவு' நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 43 பைட். அர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு பலகையில் மொத்த ரேமே (நிரல் ஓடும்போது பயன்படும் மெமரி) 2,048 பைட்தான். மாறாத வாசகங்களை எஃப் மேக்ரோ, அதாவது F("..."), போட்டு, நிரல் பதிந்திருக்கும் ஃபிளாஷ் மெமரியிலேயே விட்டுவையுங்கள்.

அப்புறம், செய்திக்கு ஒரே ஒரு நிலையான, அளவு மாறாத கேரக்டர் (எழுத்து) வரிசை வைத்து, அளவுக்கு மேல் எழுதாத எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf) கட்டளையால் நிரப்புங்கள். அது திருப்பித் தரும் நீளத்தையும் பாருங்கள்; வரிசையின் அளவை எட்டினாலோ மிஞ்சினாலோ செய்தி வெட்டுப்பட்டிருக்கும். ஸ்ட்ரிங்தான் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே தேவையான இடத்தை ரிசர்வ் செய்து, இருப்பதன் முடிவிலேயே சேர்க்கும் பிளஸ்-ஈக்வல் (+=) மட்டும் போடுங்கள். 'தினம் ஒருமுறை ரீஸ்டார்ட் வைத்துவிட்டேன்' என்று என்னிடம் வராதீர்கள். அது நோயை மூடி வைப்பது.

மேசையில் ஒரு மணி நேரம் ஓடியதை நம்பிக் குளத்தங்கரையில் மாட்டிவிடாதீர்கள். இரண்டு வாரம் ஓடவிட்டு, மணிக்கொருமுறை மிகப்பெரிய காலித் துண்டின் அளவைப் பதிவு செய்யுங்கள். அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால், தயவுசெய்து அந்தப் பெட்டியைப் பண்ணைக்கு அனுப்பாதீர்கள்.