ஆஸ்பத்திரி ரீஃபண்டை ஹெச்எஸ்ஏ-வில் 'கான்ட்ரிப்யூஷன்' என்று போடாதீர்கள்

"ஆஸ்பத்திரி திருப்பிக் கொடுத்த பணம்தானே, ஹெச்எஸ்ஏ-விலேயே போட்டுட்டேன்." வரி சீசன் வந்தாலே அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஹெச்எஸ்ஏ என்பது மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு. அதில் போட்டது சரி, போட்ட விதம்தான் தப்பு.

ஆப்பில் முதலில் கண்ணில் படுவது 'கான்ட்ரிப்யூஷன்'. அதை அழுத்தினால் அது புதுச் சேமிப்பு, திருப்பிக் கட்டியதாகாது. 2025-க்குத் தனிநபர் வரம்பு 4,300 டாலர். சம்பளப் பிடித்தத்திலேயே அது நிரம்பியிருந்தால், மேலே போடும் ரீஃபண்டும் அதிகப்படி. வரித்தாக்கல் கெடுவுக்குள் எடுக்காவிட்டால் ஆண்டுதோறும் 6 சதவீத வரி. முதலில் எடுத்த தொகையோ, ஹெச்எஸ்ஏ-விலிருந்து எடுத்ததைக் காட்டும் 1099-எஸ்ஏ படிவத்தில் அப்படியே நிற்கும். ஒரே பணத்துக்கு இரண்டு பக்கமும் அடி!

உதாரணத்துக்கு, அக்டோபரில் 900 டாலர் பில்லை ஹெச்எஸ்ஏ கார்டில் கட்டுகிறீர்கள். டிசம்பரில் இன்சூரன்ஸ் அனுப்பும் ஈஓபி (பில்லில் யார் பங்கு எவ்வளவு என்ற விவரத்தாள்), உங்கள் பங்கு 340 என்கிறது. பிப்ரவரியில் 560-க்கு செக் வருகிறது. அந்த 560 இனி மருத்துவச் செலவே இல்லை. கையில் வைத்துக்கொண்டால் வருமான வரியோடு 20 சதவீதம் கூடுதல் வரி. 22 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மொத்தம் 235 டாலர் போகும். 65 வயதானவர்களுக்கு அந்த 20 மட்டும் இல்லை.

செய்ய வேண்டியது: ஹெச்எஸ்ஏ நிறுவனத்தைக் கூப்பிட்டு 'மிஸ்டேக்கன் டிஸ்ட்ரிபியூஷன்' (தவறுதலாக எடுத்த பணம்) படிவம் கேளுங்கள். ஈஓபி, செக் நகல் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். தவறு தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய ஆண்டுக்கு அடுத்த ஏப்ரல் 15-தான் கெடு. செக் தேதியைப் பார்க்காதீர்கள். ஈஓபி டிசம்பரிலேயே வந்துவிட்டது, அதிலிருந்து எண்ணுங்கள். பிறகு 1099-எஸ்ஏ-வில் 560 கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்திய படிவம் கேட்டு வாங்கி, அதை வைத்தே, வரித்தாக்கலில் ஹெச்எஸ்ஏ கணக்கைக் காட்டும் 8889 படிவத்தை நிரப்புங்கள்.

திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை. மறுத்தால், கணக்குத் திறந்த பிறகு அதே ஆண்டில் கைக்காசு போட்டுக் கட்டிய பல் வைத்தியம், கண்ணாடி பில்களைத் தேடி எடுங்கள். இன்சூரன்ஸ் தராத, வரிக்கழிவில் காட்டாத பில்லாக இருந்தால் அந்த 560-க்கு ஈடுகட்டலாம்.

தயவுசெய்து, ஈஓபி வரும்முன் கார்டைத் தேய்க்காதீர்கள். அவசரமென்றால் கைக்காசில் கட்டிவிட்டு ரசீதை வைத்திருங்கள். ஹெச்எஸ்ஏ-விலிருந்து பின்னால் எடுத்துக்கொள்ளக் காலக்கெடுவே கிடையாது.