அகதிப் பிள்ளைக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கும் ஒரே கல்வி உதவித்தொகை: துருக்கியின் ஏற்பாடு

சிரியப் போருக்குத் தப்பி வந்தவர்களில் ஒரு கட்டத்தில் 35 லட்சம் பேருக்கு மேல் துருக்கியில் இருந்தார்கள். பெரியவர்களுக்கு வேலை அனுமதி தரும் விதிகளே 2016 ஜனவரியில்தான் வந்தன. அப்போதும் ஒரு நிறுவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிரியர்கள் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பலருக்கும் பதிவில்லாத வேலைதான் கிடைத்தது. அப்பாவின் கூலி வாடகைக்கே போதாத வீட்டில், பன்னிரண்டு வயதுப் பையன் தையல்கூடத்துக்குப் போய்விடுகிறான்.

ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திவைக்க, துருக்கி தன் குடிமக்களுக்கு 2003 முதல் ஒரு கல்வி உதவித்தொகை வழங்கிவந்தது. 2017 மே மாதம் அதையே அகதிக் குடும்பங்களுக்கும் விரிவாக்கினார்கள். குடும்ப நலத் துறை, கல்வித் துறை, துருக்கியச் செம்பிறைச் சங்கம் (அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கம்), யுனிசெஃப் ஆகியவை சேர்ந்து நடத்தின. ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, அமெரிக்கா ஆகியவை பணம் கொடுத்தன. அகதிகளுக்கென்று தனித் திட்டம் தொடங்காதது மிகச் சரியான முடிவு. அதே தெருவில் கஷ்டப்படும் துருக்கியக் குடும்பத்துக்கு, ‘அவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்களே’ என்ற மனக்கசப்பு வர இடமில்லை.

அகதிக் குடும்பத்திடம், துருக்கி அரசின் பாதுகாப்பில் இருப்பதைக் காட்டும் அடையாள அட்டை இருக்க வேண்டும். பிள்ளை பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும். வறுமைக்கான வரையறைக்குள்ளும் குடும்பம் வர வேண்டும். உள்ளூர் சமூக உதவி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செம்பிறைச் சங்க அட்டையில் பணம் ஏறும். ஆனால் 80 சதவீத வருகை கட்டாயம்.

தொடக்கத்தில் எட்டாம் வகுப்பு வரை மாதம் பையனுக்கு 35 லிரா (துருக்கி நாணயம்), பெண்ணுக்கு 40. மேல்நிலையில் 50, 60. பெண்பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அவர்களுக்குக் கூடுதல் தொகை. அந்த ஆண்டு ஒரு தொழிலாளியின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,404 லிரா. பிள்ளை வேலைக்குப் போய்க் கொண்டுவரும் கூலிக்கு இந்தத் தொகை எந்த விதத்திலும் ஈடாகாது. பணத்தைவிட, அதோடு இணைந்த கண்காணிப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வருகை குறைந்தால் செம்பிறைச் சங்கக் குழுவினர் வீடு தேடி வருவார்கள். பிள்ளை வேலைக்குப் போகிறதா, கல்யாணப் பேச்சு நடக்கிறதா, வகுப்பில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்று விசாரித்து, உரிய துறையிடம் சேர்ப்பார்கள்.

பருவகால விவசாயக் கூலிகளிடம்தான் இந்தத் திட்டம் தடுமாறுகிறது. சிரிய எல்லையை ஒட்டிய ஷான்லியுர்ஃபா மாகாணத்திலிருந்து கங்காணி வழியே கிளம்பும் உள்ளூர்க் குடும்பங்கள் பள்ளி மூடும் ஜூனுக்கு முன்பே ஊரை விட்டுவிடும். பள்ளி திறந்து வாரக்கணக்கான பிறகே திரும்பும். தெற்கே அதானா சமவெளியின் வயலோரக் கூடாரங்களில் சிரியக் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்களின் பிள்ளைகளுக்கு 80 சதவீத வருகை எட்டாக்கனி. ஐம்பது பேர் வரை வேலை செய்யும் பண்ணைகளுக்குத் தொழிலாளர் சட்டமும் பொருந்தாது. உதவித்தொகையைக் கூட்டுவதற்கு முன், அந்தப் பண்ணைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். குடும்பம் போகும் ஊரிலேயே பிள்ளையின் வருகையைப் பதிவு செய்ய வேண்டும்.