கருத்துக் கேட்டார்கள், சரி; பதில் எங்கே?

ஒன்றிய அரசு ஏதாவது ஒரு சட்டத்துக்கோ விதிக்கோ வரைவை வெளியிட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். "கீழே இருக்கும் லிங்க்கை அழுத்துங்கள், எதிர்ப்பு மெயில் தானாகப் போய்விடும். பத்து பேருக்குப் பகிருங்கள்." நாமும் அழுத்துகிறோம், பகிர்கிறோம், கடமை முடிந்தது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இணையவழி மக்கள் பங்கேற்பு பற்றிய ஆய்வுகளைப் படிப்பதும், அமைப்புகளுக்கும் மாணவர்களுக்கும் வரைவுகள் மீது கருத்து எழுதப் பயிற்சி தருவதும் என் வேலை. இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த, வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் எழுதினார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எழுதியதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருக்காவது இருந்ததா என்று கேட்பதே இல்லை.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்தலாம் என்று 118 பக்க ஆலோசனை அறிக்கையை வெளியிட்டு 20 கேள்விகள் கேட்டது. எல்லா இணையச் சேவைகளையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலைக்கு ஆதரவாக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில்கள் போய்ச் சேர்ந்தன. அந்த எண்ணிக்கையைத்தான் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் தன்னார்வலர்கள் அந்த 118 பக்கத்தையும் உட்கார்ந்து படித்து, கேள்வி வாரியாகப் பதில் தயாரித்துக் கொடுத்தார்கள் என்பது மறந்துபோகிறது. அதே ஆண்டு டிசம்பரில் கட்டண வேறுபாடு குறித்து டிராய் மீண்டும் கருத்துக் கேட்டபோது, ஃபேஸ்புக் தன் இலவச இணையத் திட்டத்துக்குப் பயனர்கள் வழியாக ஒரே வார்ப்பில் ஆதரவுச் செய்திகளைக் குவித்தது. கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் வெளிப்படையாகவே கண்டித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று வந்த ஒழுங்குமுறை, ஒரு செயலிக்கு ஒரு கட்டணம், இன்னொன்றுக்கு வேறு கட்டணம் என்பதைத் தடை செய்தது. எந்த வாதத்தை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று விளக்கக் குறிப்பும் கூடவே வந்தது. டிராய் வெளிப்படைத்தன்மையோடு செயல்பட வேண்டும் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டமே சொல்வது அதற்கு முக்கியக் காரணம்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் பாருங்கள். 2022 நவம்பரில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவு வந்தபோது, பெறப்படும் கருத்துகள் வெளியிடப்படமாட்டா என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நாம் எழுதியது அவர்களுக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் என்ன எழுதினார்கள், பெரிய நிறுவனங்கள் என்ன கேட்டன, எது ஏற்கப்பட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. இரண்டுக்கும் பெயர் என்னவோ 'பொதுமக்கள் கருத்துக்கேட்பு'தான்.

உலகளவிலான ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. தியாகோ பெய்ஷோட்டோ, ஜோனதன் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல நாடுகளில் மக்கள் குரலைக் கேட்பதற்காக உருவாக்கப்பட்ட 23 தளங்களை ஆராய்ந்தார்கள். தொழில்நுட்பம் அதிகாரிகளின் பதிலளிக்கும் திறனைக் கூட்டியிருக்கிறது. பதிலளிக்கும் மனத்தைப் பெரும்பாலும் கூட்டவில்லை என்பது அவர்கள் கண்டது. எனக்கு இன்னும் பிடித்தது பிரிட்டனின் 'ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்' பற்றி 2017இல் வந்த ஆய்வு. தெருக்குழி, எரியாத விளக்கு போன்றவற்றைப் புகார் செய்யும் தளம் அது. சுமார் 4 லட்சம் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், முதல் புகாருக்குத் தீர்வு கிடைத்தவர் மறுபடியும் புகார் செய்யும் வாய்ப்பு 57 சதவீதம் கூடியிருந்தது. மக்களுக்கு அக்கறை இல்லை என்று சலித்துக்கொள்ளும் அதிகாரிகளிடம் நான் எடுத்துக் காட்டுவது இந்த ஆய்வைத்தான். முதல் குழியை மூடுங்கள், அப்புறம் பாருங்கள்.

தைவானைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாநாடுகளில் அதை அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். 2014ஆம் ஆண்டு மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அங்கே 'வி-தைவான்' (vTaiwan) என்ற இணையவழிக் கலந்தாய்வு முயற்சி தொடங்கியது. 2015இல் ஊபரை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற விவாதத்துக்கு 'போலிஸ்' (Pol.is) என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒருவர் ஒரு கருத்தை எழுதலாம். மற்றவர்கள் ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து போகிறேன் என்று மட்டும் சொல்லலாம். பதில் எழுதும் வசதியே கிடையாது. அதனால் சண்டைக்கு இடமில்லை. எதிரெதிர் அணிகள் இரண்டுமே எந்தக் கருத்துகளை ஏற்கின்றன என்பது மேலே மிதந்து வந்தது. ஊபர் விஷயத்தில் அரசு அந்தக் கருத்துகளை விதிகளில் சேர்த்தது. ஆனால் முடிவுகளை அரசு ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனாலேயே பின்னாளில் வேகம் குறைந்தது. மென்பொருளை இறக்குமதி செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியையும் படிக்க வேண்டும்.

இன்னொரு பெரிய ஓட்டை, யாருடைய குரல் இதில் சேரவே முடியாது என்பது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். மொழி அடுத்த சுவர். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டு, கடைசித் தேதியையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மீனவருக்கும் விவசாயிக்கும் புரியாத மொழியில் அவர்களிடம் கருத்துக் கேட்பது என்ன நியாயம்?

கடற்கரையில் எங்கே எதற்கு அனுமதி உண்டு என்று காட்டும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது ஒரு மீனவக் கிராமத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரிய பிடிஎஃப், அங்கிருந்த பல போன்களில் திறக்கவே இல்லை. வண்ணக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலம். மடிக்கணினியில் பெரிதாக்கிக் காட்டியதும், மீன் விற்கும் அக்கா ஒருவர் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "நாங்க மீன் காயப்போடுற மேடு இதுல எங்க தம்பி?" என்றார். இல்லை. வலை பின்னும் கொட்டகையும் இல்லை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம்: எந்த வரைபடத் தாள், எந்தப் புல எண், எந்தெந்த மாதங்களில் எத்தனை குடும்பங்கள் அந்த மேட்டைப் பயன்படுத்துகின்றன. போனிலேயே எடுத்த படங்களையும் சேர்த்தோம். மொத்தம் ஒரே பக்கம். 'இந்த வரைபடத்தை வன்மையாக எதிர்க்கிறோம்' என்ற மெயிலை எத்தனை ஆயிரம் வந்தாலும் ஒரே கருத்து என்று கணக்குவைத்து மூடிவிடலாம். புல எண்ணோடு வரும் ஒரு பக்கத்துக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

ஆகவே அடுத்த முறை லிங்க் வரும்போது, முதலில் வரைவைத் திறந்து உங்கள் வாழ்க்கையைத் தொடும் ஒரு பிரிவை மட்டுமாவது படியுங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு விவரத்தை எழுதி, என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதலாம், தயங்காதீர்கள். போன் நம்பர், வீட்டு முகவரி தேவையில்லாத இடத்தில் போடாதீர்கள். 2015இல் டிராய் கருத்துகளை வெளியிட்டபோது அனுப்பியவர்களின் மெயில் முகவரிகளும் சேர்ந்தே வெளிவந்தன.

அப்புறம், பெரும்பாலானோர் விட்டுவிடும் கடைசி வேலை. 2014 பிப்ரவரி 5 அன்று ஒன்றிய அரசு வகுத்த சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கைப்படி, வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் இணையதளத்தில் போட வேண்டும். இது சட்டம் இல்லை, கொள்கைதான். அமைச்சகங்கள் பல முறை இதைத் தாண்டிப் போயிருக்கின்றன. கேட்பவர் இல்லாத வரை தாண்டிக்கொண்டுதான் இருக்கும். கடைசித் தேதி முடிந்து சில வாரம் கழித்து, 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மொத்தம் எத்தனை கருத்துகள் வந்தன, அவற்றைத் தொகுத்த கோப்புக் குறிப்பின் நகல், நான் குறிப்பிட்ட பிரிவின் மீது எடுக்கப்பட்ட முடிவு. இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை.