சுக்கான், குடம், சைகை: பழைய காடிக்குச் சில சொற்கள்

"போமன் அண்ணே, ஸ்டியரிங்க மாத்தி பாஸ் கிட் போட்டாச்சு. இப்ப சிக்னல் தானா விழ மாட்டேங்குதுலா."

பினாங்கில் பழைய மோரிஸ் மைனரோ டட்சனோ வைத்திருக்கும் தமிழர் வாயில் இப்படி ஒரு புகார் வருவது சகஜம். கவனித்தால் வினைச்சொற்கள் எல்லாம் தமிழ், பெயர்ச்சொற்களில் அண்ணனைத் தவிர மற்றதெல்லாம் இரவல். போமன் என்பதே ஆங்கில ஃபோர்மன் மலாய் வாயில் தேய்ந்து மெக்கானிக் ஆன கதைதான். காருக்கு இங்கே நாம் சொல்லும் பெயர் காடி, அகராதியில் தேடினால் புளித்த கஞ்சி கிடைக்கும். பாடநூல் சொல் மகிழுந்து. நல்ல சொல்தான், ஆனால் பட்டறையில் அதைச் சொல்லி யாரும் விலை பேசுவதில்லை. அதனால் இங்கே காடி என்றே எழுதுகிறேன்.

சொற்களுக்குப் போகுமுன் அந்தப் புகாரைத் தீர்த்துவிடலாம். பாஸ் கிட் என்பது வேறு ஸ்டியரிங்கைத் தண்டில் பொருத்த நடுவே போடும் துண்டு. நாம் சிக்னல் போட்டுத் திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் நேராகும்போது சிக்னல் தானே அணைகிறது அல்லவா? அதைச் செய்வது ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பல். வளையம் திரும்பி வரும்போது அந்தப் பல் சிக்னல் சுவிட்சில் உள்ள ஒரு நாக்கைத் தட்டிவிடுகிறது, சுவிட்ச் நடுநிலைக்கு வந்துவிடுகிறது. வேறு ஸ்டியரிங் மாட்டினால் அந்தப் பல் இல்லாமல் போகலாம், இருந்தும் நாக்குக்கு எட்டாத உயரத்தில் நிற்கலாம், அல்லது தண்டின் வரிப்பற்களில் (வளையம் நழுவாமல் கவ்வும் நீள வரிகளில்) ஓரிரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் சிக்னல் சீக்கிரமே விழும், மறு பக்கம் தாமதமாக விழும். ஆக, ஸ்டியரிங்கும் சிக்னல் சுவிட்சும் இரண்டு சாமான் போலத் தெரிந்தாலும் ஒன்றை மாற்றும்போது மற்றதையும் பார்த்தாக வேண்டும். கழற்றும் முன் சக்கரங்களை நேராக வைத்து, தண்டிலும் வளையத்திலும் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், ஹார்ன் தொடர்பு ஸ்டியரிங்கின் நடுவில்தான் இருக்கிறது. சுத்தியலால் தட்டாமல் புல்லர் என்ற இழுகருவி போட்டு இழுங்கள்.

சரி, ஸ்டியரிங். இது கடலில் பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் ஸ்டியோர் என்றால் படகைத் திருப்பும் துடுப்பு. அந்தத் துடுப்பு கப்பலின் வலப்பக்கம் கட்டப்பட்டிருந்ததால்தான் கப்பல்காரர்கள் வலப்பக்கத்தை ஸ்டார்போர்ட் என்கிறார்கள். மலேசியக் காடியிலும் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பது தற்செயல். அதில் கதை தேட வேண்டாம். மலாய்க்காரர்கள் ஆங்கிலத்தை எடுத்து ஸ்தெரிங் என்றார்கள். இந்தோனேசியர்கள் டச்சுக்காரரின் ஸ்டூரை எடுத்து செத்திர் என்றார்கள்.

தமிழ்ப் புத்தகங்களில் இதற்குத் திசைமாற்றி என்று பார்த்திருப்பீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பொருள் தவறு என்று சொல்லவில்லை, ஆனால் தமிழில் திசைகாட்டி என்று ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. திரும்பும் பக்கத்தைக் காட்டும் விளக்கையும் யாராவது திசைகாட்டி என்று மொழிபெயர்த்தால், ஒரே தண்டில் திசைமாற்றியும் திசைகாட்டியும் உட்கார்ந்துகொண்டு படிப்பவரைக் குழப்பும்.

என் தேர்வு சுக்கான். கப்பலின் பின்புறத்தில் நின்று அதைத் திருப்பும் பலகைக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் இது. அரபியிலிருந்து வந்தது. அதைப் பிடிப்பவர் சுக்கானி, ஆங்கிலக் கப்பல்காரர்கள் வாயில் அவர் சீக்கனி ஆனார். அரபுச் சொல்லை எப்படித் தமிழ் என்பது என்று கேட்பவர்கள் உண்டு. கடல்வழி வந்து ஊரோடு கலந்துவிட்ட சொல்லுக்குக் குடியுரிமை மறுப்பது, அதுவும் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு மறுப்பது, கொஞ்சம் வேடிக்கை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா போன்ற கப்பல்களில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! ஆங்கிலேயன் படகுச் சொல்லைக் காடிக்கு எடுத்துக்கொண்டான். நாமும் அதே வேலையை நம் சொல்லை வைத்துச் செய்யலாம். சுக்கான்கல் என்பது வேறு, அது சுண்ணாம்புக்கல்.

உள் உறுப்புகளுக்குப் பெயர் தேட கடலுக்குப் போக வேண்டாம், மாட்டுவண்டி போதும். சக்கரத்தின் சுற்று விளிம்பு வட்டை. நடுவிலிருந்து விரியும் கால்கள் ஆரக்கால். நடுவே அச்சு நுழையும் திரண்ட கட்டை குடம். சுக்கானிலும் இதே மூன்றும்தான் இருக்கின்றன. கையில் பிடிப்பது வட்டை, குறுக்கே ஓடுவது ஆரக்கால், தண்டில் உட்காருவது குடம். மாட்டுவண்டி இந்தத் தீவுக்கு அந்நியமும் இல்லை. இங்குள்ள ஜாலான் பர்மா சாலைக்கு ஹொக்கியென் சீனர்கள் வைத்த பெயருக்குத் தண்ணீர் வண்டிச் சாலை என்று பொருள். மாட்டுவண்டியில் தண்ணீர் ஏற்றிப் போன காலத்தின் மிச்சம் அது.

இந்தக் குடம்தான் பாஸ் கிட்டுக்கும் விடை. பாஸ் என்றதும் நமக்கு மாமாக் கடைதான், அதாவது தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைதான், நினைவுக்கு வரும். "பாஸ், தே தாரிக் ஒண்ணு" என்று நாம் கூப்பிட, "வேற என்ன பாஸ்?" என்று அவரும் நம்மைக் கூப்பிட, யார் முதலாளி என்றே தெரியாது. அந்த பாஸ் டச்சு மொழியின் பாஸ், எசமான் என்று பொருள். பாஸ் கிட்டில் உள்ளது வேறு சொல். பழைய பிரெஞ்சில் புடைப்பு, திமில் என்ற பொருளில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்து, சக்கரத்தின் நடுப்புடைப்பைக் குறித்தது. அப்புறம் வெளியார் தயாரித்த சுக்கானை நம் காடியின் தண்டில் பொருத்த நடுவே போடும் உலோகத் துண்டுக்குப் பெயரானது. பொருத்துகுடம் என்றால் முடிந்தது. ஒவ்வொரு காடியின் தண்டிலும் வரிப்பற்கள் ஒவ்வொரு விதம் என்பதால் பொருத்துகுடத்தைக் காடிக்கு ஏற்றபடிதான் வாங்க வேண்டும். மறுபக்கமும் பார்க்க வேண்டும். மோமோ, நார்டி இரண்டும் சுக்கான் தயாரிக்கும் நிறுவனங்கள்; மோமோ சுக்கானில் ஆறு துளைகள் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், நார்டியில் 74. நான்கு மில்லிமீட்டர்தானே என்று திருகாணியை வளைத்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிர் போகும் இடத்தில் கஞ்சத்தனம்.

அடுத்தது சிக்னல். லத்தீனில் சிக்னம் என்றால் அடையாளம், அங்கிருந்து வந்தது. தமிழில் சமிக்ஞை, சைகை இரண்டும் போட்டி போடுகின்றன. காடி விளக்குக்கு நான் சைகை பக்கம், காரணம் இந்த விளக்கின் வரலாறே. விளக்கு வருவதற்கு முன் ஓட்டுநர் கையை வெளியே நீட்டிக் காட்டினார். பிறகு காடியே கை நீட்டியது. ஆரம்பகால மோரிஸ் மைனரில் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை, உள்ளே விளக்கோடு, பக்கவாட்டில் எழுந்து நிற்கும். டிராஃபிகேட்டர் என்பார்கள். அந்தக் காடியில் மின்னும் விளக்குகள் 1961-இல்தான் வந்தன. கை காட்டிய காலத்தை சைகை என்ற சொல் மறக்கவில்லை. மலாய்க்காரர்களின் இஷாரத்தும் இப்படித்தான்: காது கேளாதோர் மொழி பஹாசா இஷாரத், விளக்கு லம்பு இஷாரத். நாமும் சைகை மொழி, சைகை விளக்கு என்று வைத்துக்கொண்டு, சமிக்ஞை விளக்கைச் சாலைச் சந்திப்புக்கு விட்டுவிடலாம்.

சுவிட்ச் என்பது ஆங்கிலத்தில் முதலில் குதிரைக்காரன் கையில் இருந்த மெல்லிய குச்சி. பிறகு தண்டவாளம் மாற்றும் கருவி, அதன் பிறகே மின்சாரம். காடியில் அது மறுபடி குச்சியாகவே நீட்டிக்கொண்டிருக்கிறது. சைகைத் தண்டு என்றால் போதும். வலப்பக்க சுக்கான் உள்ள ஜப்பானியக் காடிகளில் இந்தத் தண்டு வலக்கைப் பக்கம், ஐரோப்பியக் காடிகளில் பெரும்பாலும் இடக்கைப் பக்கம். மலேசியாவின் சொந்தக் காடியான முதல் புரோட்டோன் சாகா, 1985-இல் வந்தது, மிட்சுபிஷி வழி என்பதால் வலப்பக்கம். இதில் பழகியவர் பென்ஸ் ஏறினால் வெயிலில் வைப்பர் ஆடும்.

மீதி இருப்பது ஃபிளாஷர். விளக்கை நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வைத்து, டிக் டிக் என்று சத்தம் போடும் சின்ன டப்பா. பழைய வகையில் விளக்குக்கு ஓடும் மின்சாரமே உள்ளே ஒரு தகட்டைச் சூடாக்கி இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி சேர்க்கும். அதனால்தான் பழைய காடியில் எல்இடி பல்பு போட்டால் மின்னாமல் எரிந்துகொண்டே நிற்கிறது. தகடு சூடாகும் அளவுக்கு மின்சாரம் ஓடுவதில்லை. இதற்குக் கண்சிமிட்டி என்று பெயர் வைக்கலாம். சுருக்கிச் சிமிட்டி என்று மட்டும் சொல்லாதீர்கள், சிமெண்ட் மூட்டையை எடுத்து வைத்துவிடுவார்கள்.